வலப்பக்கக் கதவைத் திறக்கச் சொன்னவனுக்கு

தம்பி,

எதை எழுத உட்கார்ந்தாலும் சொல்லப்போவதை முதலில் வரிசையாகப் போட்டுக்கொள்வது என் பழக்கம். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் தள்ளியவனுக்கு அது ஊறிப்போய்விட்டது. மளிகைச் சீட்டைக்கூட நான் அப்படித்தான் எழுதுவேன் என்று உன் அம்மா சிரிப்பாள். "உங்கப்பா பருப்புக்கு முன்னுரை எழுதிக்கிட்டிருக்காரு, முடிக்கட்டும், அப்புறம் சோறு போடுறேன்" என்பாள் உன்னிடம். இப்போது சிரிக்க அவள் இல்லை. நீயும் என் போனை எடுப்பதில்லை. ஆகையால் யாருடைய கேலிக்கும் பயப்படாமல் வரிசையைப் போடுகிறேன்.

1. அன்று விமானத்தின் கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்கச் சொன்னாயே, அது சரி.

2. நீ போனில் கேட்டபோது அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லவில்லை.

3. நம் வீட்டில் உனக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளையும் கெடு முடிவதற்குள் ஒன்றைத் தீர்மானித்ததில்லை.

4. உன் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்ததற்குக் காரணம் அவர் கையில் இருந்த பை. நீ அல்ல.

5. கம்பெனி நீட்டும் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது.

ஐந்தும் இதே ஒழுங்கில் வந்து விழுமா என்று தெரியவில்லை. இந்த வயதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையோடு வந்துவிடுகிறது. உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். நடந்தது எதுவும் தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்று எழுதுவதும் கோர்ட்டில் வந்த பழக்கம்தான்.

உன் அம்மாவின் அஸ்தியில் ஒரு பங்கைக் கடலில் கரைக்காமல் காசிக்கென்று எடுத்துவைத்தோம். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் ஒரு செப்புச் சொம்பில் போட்டு, மூடி, வாயைத் துணியால் கட்டி, பின்பக்கத்து மோட்டார் அறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். மோட்டார் போடப் போகும்போதெல்லாம் "போட்டுட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன். நான் காசிக்குக் கிளம்புகிறேன் என்றதும் உன் மாமியாரும் சேர்ந்துகொண்டார். கங்கையில் தன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்: "போனா மாப்ள ஓட்டுற பிளைட்டுல போவணும். வேற எவன் ஓட்டுனாலும் நான் ஏற மாட்டேன்." சென்னையிலிருந்து காசிக்கு நீ ஓட்டுகிற நாளாகப் பார்த்து நீயே டிக்கெட் போட்டாய்.

இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம், ஜன்னலோரம் எனக்கு இடம். நடு இருக்கை காலி. ஓரத்தில் உன் மாமியார். சொம்பை ஒரு துணிப்பையில் போட்டுத் தலைக்கு மேல் தட்டில் வைத்தேன். அவர் தன் தோள்பையை மடியைவிட்டு இறக்கவில்லை. புளிச்சோறு இருந்தது அதில். "காசியில நமக்கு ஒத்துக்கிற மாதிரி சோறு கெடைக்குமோ என்னமோ" என்றார். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "பெல்ட்டு எதுக்குண்ணே? ஓட்டுறது நம்ம மாப்ளதானே!" "சட்டம்னு ஒண்ணு இருக்குதும்மா." "நீங்க வீட்டு நாற்காலியில உக்காந்தாக்கூட பெல்ட்டு தேடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார். ஒலிபெருக்கியில் உன் குரல் வந்ததும் பின்னிருக்கையில் இருந்த வடநாட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, அவருக்குப் புரியாது என்று தெரிந்தே, "எங்க மாப்ள பேசுறாரு" என்றார். அவரும் தலையாட்டினார். அந்தக் குடும்பத்தில் நீ பெண்ணெடுத்ததில் எனக்கு இருந்த மனக்குறை உனக்குத் தெரியாதது அல்ல. சாரம் பேட்டையில் மாவு மில் வைத்திருப்பவர்கள் என்று நான் இழுத்துப் பேசியதை உன் பெண்டாட்டி நித்யாவும் கேட்டிருக்கிறாள். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் எனக்கு அது மறந்திருந்தது.

விமானம் வேகமெடுத்து ஓடும்போது இடப்பக்கம் லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். உடம்பெல்லாம் முன்னால் போய் பெல்ட்டில் தொங்கியது. நின்றுவிட்டோம். எல்லோரும் அவரவர் இடத்திலேயே இருக்கச் சொன்னாய். நான் இருந்தேன். உட்காரச் சொன்னால் உட்காருவது எனக்கு எப்போதும் சுலபம். ஜன்னலில் எஞ்சின் தெரிந்தது. புகை வந்துகொண்டிருந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. அதற்கப்புறம் உன் உத்தரவு வந்தது. வலப்பக்கக் கதவுகள் திறந்தன, ரப்பர் சறுக்குப் படிகள் ஊதிக்கொண்டு கீழே விழுந்தன. பணிப்பெண் தொண்டை கிழியக் கத்தினாள்: "பைய விடுங்க! எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க!" எல்லோரும் பையைத்தான் எடுத்தார்கள். ஒருவர் பெட்டியை இழுக்க முடியாமல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் தொலைக்காட்சியில், விமானி நிதானம் இழந்துவிட்டதாகப் பேட்டி கொடுத்தவர் அவர்தான். பெட்டி பத்திரமாகப் பக்கத்தில் இருந்தது.

நாங்கள் இருவரும் இறங்கிய கதையை இங்கே நிறுத்திவைக்கிறேன். பிறகு வருகிறேன்.

பின்னால் தெரியவந்தது இவ்வளவுதான். கதவுகள் திறப்பதற்கு முன்பே எஞ்சினில் நெருப்பு அணைந்துவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் எண்ணெய் கருகிய புகை. பொறுத்திருந்தால் ஏணி வண்டி வந்திருக்கும், கல்யாண மண்டபத்தைவிட்டு வருகிற மாதிரி எல்லோரும் நடந்து இறங்கியிருப்பார்கள். சறுக்கியதில் பலருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குக் கணுக்கால் பிசகல், உன் மாமியாருக்கு இடுப்பெலும்பு. உன்னைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். உயிரோடு இறங்கியவர்களே உன்மேல் புகார் எழுதினார்கள். எஞ்சின் வெடித்துச் சிதறியிருந்தால் இதே ஆட்கள் உன் படத்தைப் பூஜை அறையில் மாட்டியிருப்பார்கள். வெடிக்காமல் போனதால் முழங்கால் சிராய்ப்புக்கு நியாயம் கேட்கிறார்கள்.

அந்த வாரம் நீ என்னைக் கூப்பிட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாத ஒருவனுடைய குரல் மாதிரி இருந்தது. "ஜன்னல் பக்கத்துல நீங்கதான்பா இருந்தீங்க. நான் கதவத் தொறக்கச் சொன்னப்போ நெருப்பு தெரிஞ்சுதா, இல்லியா?" நான் யோசித்தேன். நீ பொறுத்தாய். "ரெண்டு விதமாவும் சொல்லலாம்பா" என்றேன். "சரி, நெருப்ப விடுங்க. நான் பண்ணது சரியா தப்பா? அத மட்டும் சொல்லுங்க." "ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்குது." நீ சிரித்தாய். "இன்னும் கோர்ட்டுலயே இருக்கீங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

ஏன் சொல்லவில்லை என்றால், எனக்குத் தெரியாது. புகைக்கு அடியில் நான் சிவப்பாக ஒன்றைப் பார்த்தேன். அது துடித்தது. அதே நேரத்தில் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது, அதன் தலையில் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது நெருப்பா, அந்த விளக்கு புகையில் பட்டு வந்த வெளிச்சமா? எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் நெருப்பாக இருக்கிறது, மறுநாள் விளக்காக இருக்கிறது. நெருப்பைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு எந்த அப்பனும் சொல்லியிருப்பான். என் வாயில் வரவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நேர்மைக்கும் பயத்துக்கும் என்னிடத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டும் ஒரே மாதிரிதான் பேசும்.

நீ வைத்த பிறகுதான் எனக்குப் பதில் கிடைத்தது. எனக்கு எல்லாமே அப்படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, எஞ்சினைக் கைநீட்டித் தொடுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கே அது எரிகிறதா அணைந்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை, இன்றுவரை முடியவில்லை. நீ முன்னால் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அங்கிருந்து எஞ்சின் தெரியாது. உனக்கு இருந்தது, எஞ்சினில் நெருப்பு என்று காட்டும் ஒரு சிவப்பு விளக்கு. எஞ்சினுக்குள் முதல் புட்டி தீயணைப்பு மருந்தை அடித்தாய், விளக்கு அணையவில்லை. இரண்டாவதை அடித்தாய், அணைந்தது. விளக்கு அணைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், நெருப்பு அணைந்திருக்கலாம், அல்லது நெருப்பைக் காட்டிக்கொடுக்கும் கம்பியே எரிந்துபோயிருக்கலாம் என்று நீதான் ஒருமுறை எனக்குச் சொன்னாய். வெளியே நின்ற தீயணைப்புக்காரர், புகை இன்னும் வருகிறது என்றார். அடிப்பதற்கு மூன்றாவது புட்டி கிடையாது. உன் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர், இறக்கை நிறைய எண்ணெய். நெருப்பு அணைந்துவிட்டது என்பது எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு மறுநாள் தெரிந்த செய்தி. அதை வைத்து உன்னை எடைபோடுகிறவர்களுக்கு, அன்று விமானத்துக்குள் இருந்ததெல்லாம் தெரியாமைதான் என்பது எப்படிப் புரியும்? நான் உள்ளே இருந்தேன், எனக்குப் புரிகிறது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இதையேதான் சொல்லப்போகிறேன்: பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை, ஆகவே அவன் செய்தது சரி. முதல் இரண்டும் முடிந்தது.

மூன்றாவது உன் தாத்தாவைப் பற்றியது. நம் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரன் போன பிறகு, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒரு கெடு வைத்தார்கள். உன் தாத்தா சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா, நன்றாகப் படித்தவர். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. காலையில் பிரான்சு, சாயங்காலம் இந்தியா. கிழக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை தூக்குபவர் இருந்தார். அவர் வந்து, "இன்னா சாமி, எழுதிட்டீங்களா?" என்பார். "யோசிக்கணும்யா, புள்ளைங்க எதிர்காலம்" என்பார் தாத்தா. "யோசிச்சா நமக்கு இன்னா தெரியப்போவுது சாமி? நான் கைநாட்டு வச்சிட்டு வந்துட்டேன்." கெடு முடிகிற அன்று தாத்தா இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனார். வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்கு முன்னால், ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். என்ன விஷயம் என்று கடைசிவரை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள், அது சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரன் வீடு, ஆனது, பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது, மாடி எழும்பியது. எங்கள் சமையலறையில் அவர்கள் மாடியின் நிழல் விழும். "வெளிச்சம் வேணும்னா உங்கப்பாவ வரிசையில போய் நிக்கச் சொல்லு" என்பாள் என் அம்மா, சோறு போட்டுக்கொண்டே.

போகாமல் இருந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. போனவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றும் இல்லை. இங்கேயே இருப்பது என்று உன் தாத்தா முடிவெடுத்திருந்தால் நான் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பேன். அவர் அந்த முடிவையும் எடுக்கவில்லை. கெடு அவருக்காக முடிவெடுத்தது. நான் அவருடைய பிள்ளை. பத்திரம் பதிகிற பிரெஞ்சுக்கார அதிகாரிகளான நொத்தேர்கள் எழுதிவைத்த பழைய சொத்துப் பத்திரங்களை நீதிபதிக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அதில் எனக்குப் பிடித்ததே, தீர்ப்பு என்னுடையது இல்லை என்பதுதான். வாக்கியம் பிசகாமல் இருந்தால் போதும். அதன் பிறகு யார் வீட்டை விட்டு யார் வெளியேறினாலும் அது என்னைச் சேராது.

உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது நீ துபாயில் பயிற்சியில் இருந்தாய். டாக்டர் உடனே செய்ய வேண்டும் என்றார். சம்மதக் காகிதத்தைக் கொடுத்தார்கள். நான் அதை முழுவதும் படித்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்கலாமா, வேறொரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூக்கில் குழாயோடு கையை நீட்டினாள். "குடுங்க இப்படி. பேனாவயும் குடுங்க." அவளே போட்டாள். "அடுத்த பொறப்புல உங்களுக்கு ஒரு செக்ரட்டரியா வர்றேன்" என்றாள். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று வருஷம் கூடுதலாக இருந்தாள். அந்த மூன்று வருஷம் அவள் தானே போட்டுக்கொண்ட கையெழுத்தில் வந்தது, நான் கொடுத்தது அல்ல.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் நீ. சின்னதிலிருந்தே உன்னிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஐஸ்கிரீம் கடையில் நான் பலகை முழுவதையும் படித்து முடிப்பதற்குள் நீ வாங்கித் தின்று முடித்திருப்பாய். பைலட் ஆகப் போகிறேன் என்று சொன்னபோதும், நித்யாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோதும் என்னை யோசிக்கச் சொல்லி நீ கேட்கவே இல்லை. அன்று விமானத்தில் உத்தரவு கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டான் என்று.

ஐந்தாவதை இப்போதே முடித்துவிடுகிறேன், நான்காவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். "சூழ்நிலையை முழுமையாக மதிப்பிடாமல் அவசரப்பட்டு உத்தரவிட்டேன்" என்று எழுதி உன்னிடம் நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் சில நாள் மறுபயிற்சி, பிறகு பழையபடி பறக்கலாம். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும், அதன் பிறகும் என்ன ஆகும் என்று தெரியாது. நீ கையெழுத்துப் போடுகிற யோசனையில் இருப்பதாக உன் மச்சான் குமார் என் காதில் விழும்படி சொன்னான். போடாதே. போட்டால் உனக்கு நஷ்டம் அதிகம் இல்லை, பறப்பாய். ஆனால் அடுத்த முறை விளக்கு அணைந்து புகை மட்டும் வரும்போது உன் கை ஒரு கணம் நிற்கும். காகிதம் ஞாபகம் வரும். உன் கூட வேலை செய்கிற மற்றவர்களுக்கும் வரும். உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்குவதற்கு ஒரு கையெழுத்து போதும். முழுமையாக மதிப்பிட்டு முடிப்பது என்றால் என்ன என்று என்னைக் கேள். அதில் நான் கைதேர்ந்தவன். அது முடியவே முடியாது.

இனி நான்காவது. உன் மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து சாரத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நீ வந்தால் சண்டை வரும் என்று நான் மட்டும் போனேன். கூடத்தில் கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். குமார் எனக்கு நாற்காலி போட்டான். நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "ஏணி வர்றதுக்கு அஞ்சு நிமிசம் பொறுக்க முடியல உங்க புள்ளைக்கு. எங்கம்மாவ மூட்ட கணக்கா தள்ளிவுட்டாரு. இனிமே அவங்க எழுந்து நடப்பாங்களா சொல்லுங்க. மாவு மில்லு யார் பாப்பா?" நித்யா கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள், தலை நிமிரவில்லை. எனக்கு அங்கே உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. "உத்தரவுல தப்பு இல்லப்பா. பைய விட்டுட்டு வரச் சொன்னாங்க. சம்பந்தியம்மா கையில பை இருந்திச்சி. ரெண்டு கையும் பையில இருந்தா சறுக்குறப்ப எப்படி ஊன்றது?" என்றேன்.

குமார் எழுந்துவிட்டான். "அப்ப எங்கம்மா பைக்கு ஆசப்பட்டு ஒடச்சிக்கினாங்க, அதான?" ஒரு கிழவர் மூலையிலிருந்து, "பொம்பளைங்க பைய விடுவாங்களாப்பா" என்று சிரித்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். குமார் தாயின் பக்கம் திரும்பினான். "இருந்திச்சாம்மா கையில?" உன் மாமியார் என்னைப் பார்த்தார். நான் விட்டத்து மின்விசிறியைப் பார்த்தேன். "ஆமா, இருந்திச்சி" என்றார். அவ்வளவுதான். நீ போனை எடுக்காததால் இந்த வாக்கியத்தை உனக்கு மெசேஜில் எழுதி அனுப்பினேன், நீ கோபத்தில் அதை நித்யாவிடம் சொன்னாய். "உங்கம்மா பைய விடல, அதுக்கு நான் இன்னா பண்றது" என்று நீ கேட்டதாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து உன் மாமியாரின் தோள்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். விமானத்துக்குள்ளேயே, சீட்டின் மேலேயே கிடந்ததாம். திறந்தபோது புளிச்சோறு பூசணம் பூத்து நாறியதாம். நித்யா எனக்குப் போன் செய்தாள். "மாமா, எங்கம்மா பை பிளைட்லயே இருந்திருக்குது. அப்ப அவங்க கையில இருந்தது எந்தப் பை?" நான், "எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா" என்றேன். "எங்கம்மாவுக்கும் ஞாபகம் இல்லையாம் மாமா. வாயே தொறக்க மாட்டேங்கறாங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் சாரத்தில் இருக்கிறாள், நீ சென்னையில் தனியாக இருக்கிறாய். அவள் தாயைப் பேராசைக்காரி என்று நீயும் நானும் சேர்ந்து பொய் சொல்லிவிட்டதாக அவள் நினைக்கிறாள்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் கையில் பை இருந்தது. வாக்கியத்தில் பிசகு இல்லை.

தம்பி, நான் நிறுத்திவைத்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பைகளை விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. தலைக்கு மேல் துணிப்பை, அதற்குள் உன் அம்மா. அது பை என்பதில் சேருமா, சேராதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் உத்தரவை மீறியதாகும். விட்டுவிட்டு இறங்கினால் அவளை இரண்டாம் தடவை எரியவிட்டதாகும். ஜன்னலில் அந்தச் சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது. உன் மாமியார் அதற்குள் கதவுக்கருகே போய்விட்டார். திரும்பிப் பார்த்தார், ஆட்களை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எழுந்திருங்கண்ணே! இன்னா உக்காந்துகினு?" "சொம்பு" என்றேன். மேலே தட்டைக் காட்டினேன். அவர் தன் தோள்பையைக் கழற்றிச் சீட்டில் போட்டார். தட்டிலிருந்து துணிப்பையை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டார். "அண்ணிய நான் பாத்துக்கறேன். நீங்க நடங்க" என்று என்னை முன்னால் தள்ளினார். பணிப்பெண் பையைப் பிடுங்கப் பார்த்தாள், அவர் விடவில்லை. நான் முதலில் சறுக்கினேன், கைகள் இரண்டும் காலியாக. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பையைக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் சரிந்து தார்த்தரையில் விழுந்தார், சொம்பு அடியில், இடுப்பு அதன் மேல். நான் ஓடிப்போய்க் குனிந்தபோது பையை என்னிடம் நீட்டினார். "அண்ணிக்கு ஒண்ணும் ஆவலண்ணே. மூடிகூட தொறக்கல" என்றார். அதற்கப்புறம்தான் வலியில் கத்தினார்.

சொம்பு பழையபடி மோட்டார் அறையில் தொங்குகிறது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. என் கையில் நிற்கிற காரியத்தைப் பிடுங்கிக்கொண்டு போக எப்போதும் ஒரு பெண் வந்திருக்கிறாள். உன் அம்மா அதற்கு ஒரு கேலியாவது செய்வாள். இந்த அம்மாள் ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் சிரிப்புக்கு ஆளானபோதும் அது யார் பை என்று சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆகவே நான்காவது தவறு. அந்தப் பை என்னுடையது. அவர் விழுந்தது உன் உத்தரவாலும் அல்ல, அவருடைய ஆசையாலும் அல்ல, நான் உட்கார்ந்திருந்ததால். மற்ற நான்கும் இருக்கட்டும், இதை மட்டும் அடித்துவிடு.

இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். காலையில் அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் மாறி, சாரத்துக்குப் போகப்போகிறேன். குமாரையும் மில்லைச் சாத்திவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், என்ன விஷயம் என்று சொல்லவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் நித்யாவுக்குப் போன் போட்டு இதை முழுவதும் படித்துக் காட்டிவிடு. என்னை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான், வாசல்வரை போய்விட்டு, ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை என்று என்னால் திரும்பி வர முடியாது.

அப்பா